கை நாற்காலிக்குள் நம் ஊர் நார்



கைவைத்த பழைய நாற்காலி ஒன்று குழிந்துபோனால் வீட்டில் முதலில் எழும் பேச்சு மேல்துணியைப் பற்றித்தான். என்ன நிறம், ரெக்சினா வெல்வெட்டா, குஷன் கடைக்காரர் எவ்வளவு கேட்பார் என்று அது நீளும். செலவு ஏறுவதற்கும், அத்தனை செலவு செய்தும் நாற்காலி மறுபடி குழிவதற்கும் அந்தப் பேச்சே காரணம் என்பது என் வாதம். உட்காருபவரைத் தாங்குவது அடியில் இழுத்துக் கட்டிய நாடாவும் அதன்மேல் திணித்த நாரும். கையில் உள்ள சிறு தொகையை அங்கே போட்டால், வெளியே எதைப் போர்த்தினாலும் நாற்காலி நிற்கும். அந்த உள்சரக்கோ நம் கீழ்வேளூர் இருக்கும் காவிரிப் படுகையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நான் வாழும் இங்கிலாந்தே இதற்குச் சாட்சி. இங்கே பழைய நாற்காலிகளைப் பிரித்து மறுபடி கட்டும் தொழில் இன்னும் நடக்கிறது. பிரித்தால் உள்ளே தெரிவது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சணல் வார், அதன்மேல் சாக்குத்துணி, அதற்கும் மேல் தென்னைநார் அல்லது குதிரைமுடி, கடைசியாக ஒரு படலம் பஞ்சு. அந்தச் சணல் வங்காளத்தில் விளைந்து டண்டீ நகர ஆலைகளுக்குப் போனது. தென்னைநாரும் கடல் தாண்டித்தான் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பாலியூரித்தேன் ஃபோம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1979 மே 8 அன்று மான்செஸ்டர் நகர உல்வொர்த் கடையின் அறைகலன் பிரிவில் தீப்பற்றி 10 பேர் இறந்தார்கள். ஃபோம் எரிந்து கிளம்பிய நச்சுப்புகை அந்தச் சாவுகளில் பெரும்பங்கு வகித்தது. 1988இல் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் வந்தன. 1950க்கு முன் செய்த நாற்காலிகளுக்கு அவற்றில் விலக்கு உண்டு. தீயைத் தடுக்கச் சேர்த்த வேதிப்பொருள்களில் சில எளிதில் சிதையாத நஞ்சு என்று பின்னால் தெரியவர, அவை கலந்த பழைய சோபாக்களை 2023 முதல் நிலத்தில் புதைக்க விடாமல் எரியுலைக்கு அனுப்புகிறார்கள். தென்னைநாரும் எரியும் பொருள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அதைப் பிரிக்கலாம், வெயிலில் காயவைக்கலாம், மறுபடி திணிக்கலாம். உழைத்து ஓய்ந்தபின் தோட்டத்து மண்ணில் போடலாம்.

இனி வேலைக்கு வருவோம். தேக்குச் சட்டம் ஆடினால் ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். பொருத்துகளை இறுக்குவதற்குப் பழகிய கை வேண்டும். மற்றது வீட்டுக் கூடத்திலேயே முடியும். பழைய துணியைக் கிழிக்காமல் கழற்றினால் புதுத்துணி வெட்ட அதுவே அளவாகிவிடும். ஸ்பிரிங் துருவேறியிருந்தால் எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாவைப் போடலாம். நாடாவின் ஒரு முனையை மடித்து ஆணியடித்து, மறுமுனையை மரக்கட்டையில் சுற்றி நெம்பி இழுத்து, விரலால் சுண்டினால் ஒலிக்கும் அளவு இறுகிய பிறகே அந்தப் பக்கம் ஆணி ஏற வேண்டும். வீட்டில் கட்டிய நாற்காலி சீக்கிரம் குழிவது பெரும்பாலும் இந்த இழுவை போதாததால்தான். ஊரில் கடற்காற்றின் உப்பு சாதாரண ஆணியை அரித்துவிடும். துத்தநாகம் பூசிய ஆணிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது.

நாடாவின் மேல் சணல் சாக்கு. கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்களாக நெல் பிடிக்கும் ஊரில் சாக்குக்குப் பஞ்சமில்லை. பழைய சாக்குக் கடையில் கிழியாததாகப் பார்த்து வாங்கித் துவைத்துக் காயவையுங்கள். பிளாஸ்டிக் சாக்கு ஆணி ஏறிய இடத்தில் இழை பிரிந்துவிடும். சாக்கின் மேல் கோணி ஊசியால் தளர்ந்த கண்ணிகளாகச் சணல் நூலை ஓட்டி, அந்தக் கண்ணிகளுக்குள் நாரைச் செருகினால் அது நகராது. முற்றிய தேங்காய் மட்டையின் பழுப்பு நாரே இதற்கு ஏற்றது. விறைப்பானது, அழுத்தினால் எழும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் தொலைவில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நாருக்குக் கொடுக்கும் பணம் அந்த மக்களுக்குப் போய்ச் சேர்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலவம்பஞ்சை முதுகுச் சாய்மானத்தில் வையுங்கள். அதன் இழையில் மெழுகுப்பூச்சு இருப்பதால் ஈரம் எளிதில் ஏறாது. ஆனால் மேலே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் பொடிந்துவிடும். வைக்கோல் மட்டும் வேண்டாம். எலி வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நாருக்கு மேல் பஞ்சுப் படலம், அதன்மேல் பழைய வேட்டியை இரண்டாக மடித்து இழுத்து மூடினால் உள்வேலை தீர்ந்தது. மேல்துணிக்கு ஒரு பவானி ஜமக்காளம் போதும். முன்னதாகவே நனைத்துக் காயவைத்துக்கொண்டால் பிறகு சுருங்காது.

ஃபோம் எளிதாயிற்றே, 40 டென்சிட்டி வாங்கி வெட்டி வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்பார்கள். முடியும்தான். ஆனால் வெப்பமும் வெளிச்சமும் காற்றும் பட்டு ஃபோம் மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. நார் அமுங்கினால் ஒரு கைப்பிடி சேர்த்துத் திணித்தால் தீர்ந்தது. மூட்டைப்பூச்சி பயம் நியாயமானது. பூச்சி இருந்த பழைய திணிப்பைக் கொஞ்சமும் வைத்துக்கொள்ளாமல் கழித்துவிட்டு, சட்டத்தின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். தொழிலாளி பிழைப்பைக் கெடுக்கிறோமே என்ற கேள்வியும் வரும். முழுக்கூலி கொடுக்க முடியாத வீட்டின் நாற்காலி எப்படியும் அவரிடம் போகப்போவதில்லை, விறகுக்குத்தான் போகும். வீட்டிலேயே கட்டினால் ஆசாரிக்குப் பொருத்து வேலையாவது, தையல்காரருக்கு உறை தைக்கும் வேலையாவது கிடைக்கும்.

இவற்றையெல்லாம் விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. படுகையில் சாய்வு நாற்காலி வெறும் மரச்சாமானாக இருந்ததில்லை. மிராசுதார் திண்ணையில் சாய்ந்திருக்க, கூலி கேட்க வந்தவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி கீழ்வேளூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து நாற்காலியைப் புதுப்பிப்பானேன், தொலையட்டுமே என்று ஒருவர் சொன்னால் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் உடன்பட முடியவில்லை. கொடுமை, யார் சாயலாம் என்று வகுத்ததில் இருந்தது. நடவிலும் களையெடுப்பிலும் நாளெல்லாம் குனிந்த முதுகுக்குத்தான் சாய்மானம் முதலில் தேவை; முட்டிவலியோடு எழுபவருக்குத்தான் ஊன்றிக்கொள்ளக் கைப்பிடி தேவை. பழைய வீடுகளை இடிக்கும்போது தேக்கு நாற்காலிகள் பழைய சாமான் கடைக்கு வருகின்றன. பளபளப்பாக்கி விற்றால் பணக்காரர் வாங்குவார். கிழிந்து கிடக்கும்போதுதான் அது கூலி வீட்டுக்கு எட்டும் விலையில் இருக்கும். அதை வாங்கித் தானே கட்டத் தெரிந்த கைகளுக்குச் சொந்தமாகும்போது, முன்பு மறுக்கப்பட்ட இருக்கை உரியவருக்கு வந்து சேர்கிறது. சிக்கனமாகச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

உழைக்கிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்றால், படுகையின் வேளாண் நாட்காட்டியிலேயே இடம் இருக்கிறது. சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் தண்ணீர் திறந்து அது கடைமடைக்கு வந்து சேரும் வரை வயல் வேலை குறைவு. சித்திரை வெயிலில் நாரும் சாக்கும் ஒரே நாளில் சுக்காகக் காயும். ஐப்பசி மழையில் தொடங்கினால் ஈர நாரைத்தான் உள்ளே வைத்து மூட வேண்டியிருக்கும்.