135 டிகிரிக் கொக்கியும் எங்கள் சங்கச் சந்தாவும்

எங்கள் மாவட்ட சிவில் பொறியாளர் சங்கத்துக்கு நான் பொருளாளராகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பிப்ரவரியிலும் சைட் வேலை முடிந்து, இரவுச் சாப்பாடும் ஆன பிறகு, அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கணக்குப் போட உட்காருவேன். பீமுக்குக் கம்பி கணக்கிடும்போது இருக்கும் கவனம் இதற்கும் வேண்டும் என்பது எனக்குப் புரிய ஏழு ஆண்டுகள் ஆயின.

டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் இருக்கிறது, வக்கீலுக்கு பார் கவுன்சில். கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதிவு செய்யாமல் யாரும் கட்டடக் கலைஞர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி பதிவு வேண்டும்தான். ஆனால் அதைத் தருவது அரசு அமைப்பு, எங்களைப் போன்ற சங்கம் அல்ல. 1920இல் தொடங்கி 1935இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனத்தில் சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சில எழுத்துகளாவது கிடைக்கும். மாவட்டச் சங்கத்தில் அதுவும் கிடையாது. எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை, கட்டலாமா வேண்டாமா என்று சுதந்திரமாக யோசித்துத்தான் கட்டுகிறார். சந்தாவை நிர்ணயிப்பவர் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

நான் பொறுப்பேற்றபோது சந்தா 600 ரூபாய். அப்போதே ஐந்து ஆண்டுகளாக அதே தொகை. கேட்க மனம் வராமல் நானும் ஆறு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினாலே, பதினோரு ஆண்டு கழித்து 600 ரூபாயில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அலுவலக வாடகை, பகுதி நேர உதவியாளர் சம்பளம், ஆடிட்டர், மின்சாரம், ஆறு தொழில்நுட்பக் கூட்டங்கள், நூலகம் எல்லாம் சேர்த்து அன்றைக்கு ஆண்டுச் செலவு 3,30,000 ரூபாய். பதிவேட்டில் 220 பேர். உண்மையில் கட்டியவர்கள் 150 பேர். சந்தாவாக வந்தது 90,000.

மீதி எங்கிருந்து வந்தது? சிமென்ட் கம்பெனி, கம்பி கம்பெனி, வாட்டர் புரூஃபிங் கம்பெனி. அவர்கள் கூட்டத்துக்கு ஹால் எடுப்பார்கள், இரவு விருந்து போடுவார்கள், ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். கட்டுமானப் பொருட்காட்சி நடத்தினால் ஸ்டால் வாடகையாக வருவது மொத்தச் சந்தாவையும் தாண்டிவிடும். அதற்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு, ரிட்டர்ன் என்று தனி வேலை வரும். பல சங்கங்கள் அதையும் ஏற்றுக்கொண்டுதான் நடத்துகின்றன. நாங்களும் நடத்தினோம். அந்தப் பணத்தை நான் தூற்றவில்லை. அந்தப் பணத்தில் எந்தக் கூட்டம் நடக்கிறது, எது நடக்காமலே போகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஒருமுறை கான்கிரீட் கியூரிங் பற்றிக் கூட்டம் என்று அழைப்பிதழ் அடித்தோம். பேச வந்தவர் தண்ணீர் விடுவதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், மீதி நேரமெல்லாம் அவர்களுடைய ரசாயனத்தைப் பற்றியே பேச்சு. எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுந்து, வேறு கம்பெனிப் பொருளோடு ஒப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். மேடையில் இருந்த எங்கள் நிர்வாகியே, "அதை அப்புறம் பேசிக்கலாம், சாப்பாடு ரெடி" என்றார். கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

அதே ஆண்டில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்தோம். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான கம்பி விவரங்கள், ஐ.எஸ். 13920. அவர் படம் எதுவும் காட்டவில்லை. எங்கள் ஊர்க் கம்பி கட்டுபவர் இருவரை வரவழைத்து, மேடையிலேயே ரிங் வளைக்கச் சொன்னார். இருவரும் பழக்கப்படி 90 டிகிரியில் மடக்கினார்கள். பிறகு அவர் 135 டிகிரிக்கு மடக்கச் சொல்லி, கொக்கியின் முனை 65 மி.மீ.க்குக் குறையாமல் கான்கிரீட்டின் உட்புறம் போக வேண்டும் என்று காட்டினார். தூண் குலுங்கி மேல்பூச்சும் கவரும் உதிரும்போது 90 டிகிரிக் கொக்கி திறந்துகொள்ளும், 135 டிகிரிக் கொக்கி உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் அவ்வளவுதான் பாடம். அடுத்த மாதம் ஐந்தாறு சைட்களில் ரிங் மாறியிருந்ததை நானே பார்த்தேன்.

அந்த வகுப்புக்கு எந்தக் கம்பெனியும் பணம் தரவில்லை. தரவும் மாட்டார்கள். கம்பியை எந்தக் கோணத்தில் மடக்கினாலும் அவர்களுக்கு விற்பனை ஒன்றுதான். விற்க எதுவும் இல்லாத பாடத்துக்கு உறுப்பினர் பணம் மட்டுமே வரும். அன்றிலிருந்து சந்தாக் கணக்கை மொத்தச் செலவிலிருந்து நான் தொடங்குவதில்லை. வேறு யாரும் காசு கொடுக்காத கூட்டங்கள் எத்தனை வேண்டும், அவற்றை நடத்த ஒரு அலுவலகம் எவ்வளவு சிறியதாக இருந்தால் போதும் என்று தொடங்குகிறேன்.

இது புரிந்த வேகத்தில் ஒரு பெரிய தவறும் செய்தேன். 3,30,000ஐ 220ஆல் வகுத்தேன். 1,500 வந்தது. பொதுக்குழுவில் வைத்தேன், கை தூக்கி நிறைவேற்றினார்கள். அந்த ஆண்டு 104 பேர்தான் கட்டினார்கள். வசூல் 1,56,000 ஆனதில் செயற்குழுவுக்கு மகிழ்ச்சி. எனக்கும் இருந்தது, கட்டாதவர்கள் பட்டியலைப் பெயர் பெயராகப் படிக்கும்வரை. முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய மொத்தமாகப் போயிருந்தார்கள். ஒரு பையனைச் சைட்டில் பார்த்துக் கேட்டேன். "சம்பளம் பதினெட்டாயிரம் சார். ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்பறது போக என்ன இருக்கும்?" என்றான். அந்தக் கொக்கியை அன்றாடம் கம்பி கட்டுபவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவன் அவன்தான்.

மறு ஆண்டுப் பொதுக்குழுவில் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், "தம்பி, எல்லாருக்கும் ஒரே தொகைன்னா அது சமம்னு நினைச்சியா?" என்றார். அன்று படிநிலைச் சந்தா வந்தது. பட்டமோ டிப்ளமோவோ முடித்த முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 500. பதினைந்து ஆண்டுவரை 1,500. அதற்கு மேல் 2,500. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு 1,000. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம்கூட மாணவர்களை இலவசமாகச் சேர்த்துக்கொண்டு, பட்டம் பெற்ற பிறகுதான் கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது.

வருமானத்தை வைத்துப் படி பிரிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சக பொறியாளரிடம் வருமானத்தைக் கேட்பது அவரைக் கூச வைக்கும், சரிபார்க்கவும் வழியில்லை. தேர்ச்சி பெற்ற ஆண்டு சான்றிதழிலேயே இருக்கிறது.

ஆயுள் சந்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் சங்கங்களை உள்ளே அரிப்பது அதுதான். எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில் 64 பேரிடம் ஆளுக்கு 5,000 வாங்கி ஆயுள் உறுப்பினராக்கினார்கள். 3,20,000 ரூபாயில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளின் விழாக்களிலேயே கரைந்துவிட்டது. அந்த 64 பேருக்கும் கடிதம், கூட்டம், வாக்குரிமை எல்லாம் இன்றும் உண்டு. வருவாய் இல்லை.

பொதுவாக ஆண்டுச் சந்தாவைப் போல் பத்து மடங்கை ஆயுள் சந்தா என்று வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கி வைப்பில் ஏழு சதவீத வட்டி, செலவு ஏறுவது ஆறு சதவீதம் என்றால், ஆண்டுதோறும் அவருக்கான பங்கை அதிலிருந்து எடுக்க எடுக்கப் பதினோராம் ஆண்டில் அந்தப் பணம் தீர்ந்துவிடும். சேர்பவருக்கு முப்பது வயது. குறைந்தது முப்பது ஆண்டு இருப்பார். அதே வட்டியில் முப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்தாறு மடங்கு வேண்டும். அதைக் கேட்டால் யாரும் சேர மாட்டார்கள் என்பது தெரியும். அதனால் புதிய ஆயுள் உறுப்பினர் சேர்க்கையை நிறுத்திவிட்டோம். பழையவர்களின் உரிமையில் கை வைக்கவில்லை. விரும்பினால் ஆண்டுதோறும் நன்கொடை தாருங்கள் என்று கடிதம் எழுதினோம். கிட்டத்தட்ட பாதிப் பேர் தருகிறார்கள். எங்கேனும் ஆயுள் சந்தா வாங்கியே தீர வேண்டுமென்றால், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, வட்டியை மட்டும் எடுக்க வேண்டும். அசலைத் தொடும் அதிகாரம் பொருளாளருக்கே இருக்கக் கூடாது.

இன்னொன்று, சந்தாத் தொகையைத் துணை விதிகளில் எழுதாதீர்கள். எழுதிவிட்டால் நூறு ரூபாய் ஏற்றுவதற்கும் சிறப்புத் தீர்மானம், பதிவாளர் அலுவலகம் என்று அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பதினோரு ஆண்டு யாரும் தொடாமல் விடுகிறார்கள். 'ஆண்டுப் பொதுக்குழு தீர்மானிக்கும் தொகை' என்று மட்டும் விதியில் இருக்கட்டும். நாங்கள் ஆண்டுதோறும் முதல் படியைத் தவிர மற்றவற்றில் ஐம்பதோ நூறோ ஏற்றுகிறோம். யாரும் முணுமுணுப்பதில்லை. ரசீதின் பின்பக்கம் சென்ற ஆண்டு எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு செலவு, அதில் சந்தாப் பணம் எவ்வளவு என்று அச்சிடுகிறோம். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் கியூ.ஆர். கோடு அனுப்பினால் பணம் வந்துவிடும். ஆனாலும் அச்சடித்த ரசீதை நான் விடவில்லை.

இந்த ஆண்டு பதிவேட்டில் 221 பேர். ஜூன் 30 வரை 187 பேர் கட்டிவிட்டார்கள். அவர்களில் 46 பேர் முதல் படி. மீதி 34 பேரையும் இந்த வாரம் நானே அழைக்கிறேன். பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்பவரிடம் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்வேன், அடுத்த பிப்ரவரிக் கணக்குக்கு அது வேண்டும்.

செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தன்று அந்தக் கம்பி வகுப்பு மறுபடியும் இருக்கிறது. பேராசிரியர் வர ஒப்புக்கொண்டுவிட்டார். கம்பி கட்டுபவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லை.