ஒரு சொம்புத் தெளுவு

பதநீரை எங்கள் கொங்கு நாட்டில் தெளுவு என்போம். 2011 பங்குனியில் ஒருநாள், திருமுருகன்பூண்டியில் எங்கள் வாசலுக்குச் சைக்கிளில் வந்த பெரியவரிடம் ஒரு சொம்பு வாங்கினேன். "வெயில் ஏறறதுக்குள்ள குடிச்சுப் போடு அம்மிணி" என்றார். பனியன் கம்பெனிக்குப் போன என் வீட்டுக்காரருக்கும் இருக்கட்டுமே என்று மூடி வைத்தேன். அங்கேதான் பிசகிவிட்டது.

சாயங்காலம் திறந்தால் ஒரே நுரை! புளித்த வாடை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் குடியை விட்டு அப்போது எட்டே மாதம். அந்த வாடை மூக்கில் ஏறினால் என்ன ஆகும்? கொல்லையில் கொட்டினேன். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பிராணியும் போட்டேன்.

மறுநாள் பெரியவர் விளக்கினார். மரத்தில் கட்டும் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் தெளுவு. தடவாவிட்டால் அதே பாளைச் சாறு கள். (கள்ளுக்கு நம் மாநிலத்தில் 1987 முதல் தடை.) சுண்ணாம்பு புளிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஸ்பெயின் தேசத்து ரியோஹாவில் திராட்சை மதுவை ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். நம் பனஞ்சாற்றுக்கு ஒரு பகல் போதும்!

ஆகவே சகோதரிகளே, வாங்கியதும் குடித்துவிடுங்கள். மீந்தால் உடனே காய்ச்சிப் பாகாக்குங்கள், தோசைக்கு அருமை. புளித்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

"எதுக்கு சாம்பிராணி?" என்று அன்று அவர் கேட்டார். கொசு என்றேன். வெகுநாள் கழித்து உண்மையைச் சொன்னபோது, "வாசல்லயே தெரிஞ்சு போச்சு" என்றார். இப்போதெல்லாம் பங்குனி வந்தால் காலை ஆறு மணிக்கே சொம்போடு வாசலில் நிற்பது அவர்தான்.