தனித்து உழைப்போர்க்கு ஓர் இடமும் துணையும்

நம் பங்குகளில் அண்மை ஆண்டுகளில் ஒரு புதுவகை உழைப்பாளர் தோன்றியுள்ளனர். இவர்கள் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறுபவர் அல்லர். வயலுக்கோ சிமெண்டு ஆலைக்கோ செல்பவரும் அல்லர். வீட்டின் ஒரு மூலையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, எங்கோ தொலைவிலுள்ள வணிகர்க்கு நிரல் எழுதித் தருபவர்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பிய இளைஞருள் சிலர், பின்னர் தாமே தனித்துத் தொழில் செய்யத் துணிந்தனர். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ப் பகுதிக்கு இது புதிய பயிர். இதற்கு எத்தகைய நிலமும் நீரும் வேண்டும் என்பதை நாம் இன்னும் சரிவர அறிந்துகொள்ளவில்லை.

பெரம்பலூரை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அன்னை ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, என் மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான். ஆனால் வரவர யாரோடும் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் எரிந்து விழுகிறான்" என்று வருந்தினார். மகனை அழைத்துக் கேட்டோம். அவர் மனத்தில் வேறு குறை இருந்தது. "பகலெல்லாம், 'சும்மாதானே இருக்கிறாய்' என்று மாவு அரைத்து வரச் சொல்கிறார்கள், சாமி. பெண் பார்க்கப் போன வீட்டில், 'பையனுக்கு ஆபீஸ் எங்கே?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சென்னைக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன்" என்றார். அவர் ஒரே மகன். தந்தையார் பக்கவாதத்தால் ஒரு கை வழங்காமற் போனவர். மகன் கிளம்பிவிட்டால் அவ்வீட்டின் நிலை என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தொழிலின் இயல்பைக் குடும்பத்தார் முதலில் உணர வேண்டும். நிரல் எழுதுவது, நீண்ட கணக்கொன்றை மனத்திலேயே தாங்கி நிற்பதைப் போன்றது. இடையில் ஒருவர் குரல் கொடுத்தால் தாங்கியதெல்லாம் சரிந்துவிடும். மீண்டும் அடுக்கி நிறுத்த வெகுநேரம் பிடிக்கும். மேலும், நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது, பருவத்திற்கேற்ப நமக்கு மாலை ஆறரையோ ஏழரையோ ஆகிறது. அயல்நாட்டாரோடு பேச வேண்டிய அந்நேரத்தில்தான் நம் வீடுகளில் தொலைக்காட்சித் தொடர்கள் முழங்குகின்றன. நண்பர்கள் கைப்பந்து விளையாடக் கூடும் நேரமும் அதுவே. ஆக, அவர் அமைதியையும் இழக்கிறார், நட்பையும் இழக்கிறார்.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2005-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்னும் நிரலாளர், தனித்து உழைக்கும் உரிமையும் அலுவலகத் தோழமையும் ஒருங்கே வேண்டி, வாரம் இரு நாள் ஓரிடத்தில் சில மேசைகளை இட்டு மற்றவர்களை அழைத்தார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. அவர் மனந்தளரவில்லை. 'கோ-வொர்க்கிங்' எனப்படும் கூட்டுப் பணியிடங்கள் உலகெங்கும் பரவ அம்முயற்சி வித்தாயிற்று. நம் மாநிலத்திலும் 2024 நவம்பரில், சென்னை கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில் அமர்ந்து பணி செய்ய அங்கே வசதி உண்டு. மாணவர் படிக்கவும் இடம் உண்டு.

ஆனால் கொளத்தூர் நம் இளைஞர்க்குத் தொலைவு. அவர் பெரம்பலூரில் நூலகத்தை நாடினார். அமைதி இருந்தது, தொலைபேசியில் பேச இயலவில்லை. பேருந்து நிலையத் தேநீர்க் கடையை நாடினார். பேச இயன்றது, நினைக்க இயலவில்லை. அமைதியும் துணையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்று தேடியதே அவரைச் சோர்வுறச் செய்தது. இவை இரண்டும் வெவ்வேறு தேவைகள். வெவ்வேறாகவே தேடிக்கொள்ளலாம் என்றோம்.

புனித புரூனோ 1084-இல் பிரான்சு நாட்டு மலைப்பகுதியில் தொடங்கிய கர்த்தூசியர் சபையை எண்ணிப் பார்ப்போம். அத்துறவியர் தத்தம் அறையிலேயே தனியே செபித்து, கற்று, கைத்தொழில் செய்து வாழ்பவர்கள். தனிமையே அவர்களுடைய அழைத்தல். அவர்களும் வாரம் ஒருமுறை ஒன்றாக நெடுந்தூரம் நடந்து உரையாடுவர். அதனை அவர்களுடைய ஒழுங்கே வகுத்துள்ளது. தனிமையை விரும்பி ஏற்றோர்க்கே துணை குறித்து ஒழுங்கு தேவைப்படுமாயின், பிழைப்பின் பொருட்டுத் தனித்திருப்போர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

துணையாக வருபவர் அதே தொழில் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட 'த பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்னும் நூலில் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. நிரலாளர் ஒருவர் ரப்பர் வாத்து ஒன்றை உடன் வைத்துக்கொண்டு, தாம் எழுதியதை அதற்கு வரிவரியாக விளக்குவாராம். விளக்கும்போதே பிழை எங்குள்ளது என்பது புலப்பட்டுவிடுமாம். பொம்மைக்கே அவ்வளவு பயனென்றால், காது கொடுத்துக் கேட்கும் மனிதரின் பயனைக் கூறவும் வேண்டுமா?

இளைஞரின் வீட்டில் சோள மூட்டை அடுக்கும் பின்கட்டு அறை ஒழிக்கப்பட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள், நல்ல நாற்காலி, மின்தடை நாள்களுக்கு இன்வெர்ட்டர் ஆகியவை வந்தன. மாலைப் பேச்சு அங்கே நிகழ்கிறது. வாரம் மூன்று நாள் பகலில் அவர் பெரம்பலூர் சென்று, ஒரு மாடி அறையில் வேறிருவரோடு வாடகை பகிர்ந்து பணி செய்கிறார். ஒருவர் வீட்டு வரைபடம் வரைபவர், மற்றவர் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தருபவர். வெகுநாள் அகப்படாத பிழையொன்றை வரைபடக்காரரிடம் விவரிக்கையில், பாதியிலேயே கண்டுகொண்டாராம்! நண்பகலில் மூவரும் ஒன்றாக உண்கின்றனர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் தொலைபேசியில் விசாரிக்கின்றனர். பெண் இன்னும் அமையவில்லை. ஆயினும் மகன் வீட்டில் வாய்விட்டுப் பேசுகிறான் என்று அன்னை மகிழ்கிறார். சென்னைப் பேச்சு இப்போது எழுவதில்லை.

பெற்றோரே, உங்கள் இல்லத்தில் இத்தகைய மகனோ மகளோ இருப்பின், அவர்கள் வேலை செய்யும் நேரத்தை வேலை நேரமாகவே மதியுங்கள். மாவு அரைக்க வேறு வேளை குறியுங்கள். மாலையில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறையுங்கள். கடைத்தெருவில் மாடி அறையைப் பூட்டி வைத்திருப்போர், சிறு வாடகைக்கு இவர்களில் மூவர்க்குத் திறந்துவிடுங்கள். பெண்ணைப் பெற்றோரும், "ஆபீஸ் எங்கே?" என்று கேட்பதோடு நில்லாமல், "என்ன வேலை செய்கிறார்? எப்படிச் செய்கிறார்?" என்று கேளுங்கள். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் திரும்பமாட்டார்களா என்று ஏங்கும் நாம், திரும்பி வந்தவர்க்கு ஒரு மேசை இட இடமில்லை என்று சொல்லலாகாது.