வாடும் செடி... வாடாத பிராங்க்!

கானா நாட்டுப் பணத்துக்குப் பேர் செடி. சிரிக்காதீங்க ஸார், சத்தியம்! 'இன்னிக்கு செடி எப்படி இருக்கு? வாடியிருக்கா, தளிர்த்திருக்கா?' நாம கேட்டா தோட்டக்காரர் விசாரணை. அங்கே அது கடைக்காரரின் வயிற்றுப் பிரச்னை!

செடியின் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சரியான இடம் அஃப்லாவோ. தலைநகர் அக்ராவிலிருந்து கிழக்கே சுமார் 190 கிலோமீட்டர். 'ட்ரோட்ரோ' என்கிற வேனில் ஆளோடு ஆளாக, மூட்டையோடு மூட்டையாகப் போனேன். ஊர் முடிகிற இடத்தில் ஒரு கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் டோகோ நாடு. எல்லை என்றால் காடு, மலை, முள்வேலி என்று கற்பனை செய்து வைத்திருப்போம் இல்லையா? இங்கே கேட்டைத் தாண்டினால் நேரே டோகோவின் தலைநகரமான லோமே! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மோட்டார் சைக்கிள் டாக்சிகள். நடந்தே இன்னொரு நாட்டின் தலைநகருக்குள் போய்விடலாம்.

இரண்டு பக்கமும் ஜனங்கள் பேசுவது ஈவே மொழி. அம்மா வீடு கானாவில், மாமியார் வீடு டோகோவில் என்பதெல்லாம் அங்கே சகஜம். வெள்ளைக்காரன் கோடு கிழித்ததில் அந்தப் பக்கம் இங்கிலீஷ், இந்தப் பக்கம் பிரெஞ்சு. கூடவே காசும் ரெண்டாகிவிட்டது. டோகோவில் ஓடுவது சி.எஃப்.ஏ. பிராங்க். ஜனங்கள் வாயில் அது 'சேஃபா'.

கேட்டுக்குப் பக்கத்தில் நோட்டுக் கட்டும் கால்குலேட்டருமாகப் பணம் மாற்றுகிறவர்கள். அதில் ஒரு அம்மாளிடம் கேட்டேன்:

"நீங்க எந்தக் காசைச் சேர்த்து வைப்பீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செடி செலவுக்கு. சேஃபா பெட்டிக்கு!"

பொருளாதாரப் புத்தகத்தில் நாலு அத்தியாயம் ஓடுகிற விஷயம், நாலே வார்த்தையில்!

அந்த அம்மாளின் பதிலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. பிரெஞ்சு சர்க்கார் 1945 டிசம்பரில் சேஃபாவைப் பிறப்பித்தது. பிரெஞ்சுப் பணத்தோடு இறுக்கிக் கட்டிய முடிச்சு. செடி பிறந்தது 1965 ஜூலையில், கானா சுதந்திரம் அடைந்து எட்டு வருஷம் கழித்து. அக்கான் மொழியில் சோழிக்கு என்ன பேரோ, அதிலிருந்து வந்த பேர். ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் சோழிதானே காசு! அதுவும் நம்ம பக்கத்து மாலத்தீவிலிருந்து கப்பலேறிப் போன சோழி. முதல் நோட்டில் அதிபர் நிக்ரூமாவின் படம் போட்டார்கள். 1966-ல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. 1967-ல் புது நோட்டு வந்தது. படம் போயே போச்சு!

1978-லிருந்து 1983 வரை ஒரு டாலருக்கு 2.75 செடி என்று சர்க்கார் கணக்கு. கள்ளச்சந்தையிலோ கடைசியில் இருபது மடங்குக்கு மேலே! கோகோ விவசாயி என்ன பண்ணுவான்? உள்ளூரில் விற்றால் செல்லாக் காசு. எல்லை தாண்டி விற்றால் சேஃபா. கோகோ மூட்டைகள் ராத்திரியில் டோகோவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் நடந்தன. 1982 செப்டம்பரில் ராலிங்ஸ் அரசாங்கம் எல்லையையே இழுத்து மூடியது.

1983-ல் உலக வங்கி, ஐ.எம்.எஃப். வைத்தியம் ஆரம்பம். 1986-ல் சர்க்கார் கணக்கே டாலருக்கு 90 செடி. 2006-ல் 9000-க்கும் மேலே! சம்பளத்தைப் பர்ஸில் வைக்க முடியாது, பை வேணும். 2007 ஜூலையில் நாலு சைபரை வெட்டி, 10,000 பழைய செடிக்கு ஒரு புதுச் செடி என்றார்கள். 'மதிப்பு அதேதான்' என்று விளம்பரம் வேற!

அதே அன்றைக்கு ஒரு புதுச் செடிக்கு ஐந்நூறு சேஃபாவுக்கு மேல் கிடைத்தது. 2024 கடைசியில்? நாற்பத்துச் சொச்சம்! பதினேழு வருஷத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

நடுவில் 2022 படுத்திய பாடு தனி. அந்த டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54 சதவிகிதம். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் சர்க்கார் கையை விரித்தது. உள்நாட்டுக் கடன் பத்திரங்களிலும் கை வைக்கப் பார்த்தது. 2023 பிப்ரவரியில் பென்ஷன்காரர்கள் நிதி அமைச்சக வாசலில் வந்து நின்றார்கள். வாழ்நாள் பூரா செடியில் சேர்த்தவர்கள் ஸார் அவர்கள்!

அப்போ சேஃபாதான் உசத்தியா? லோமேயில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 1994 ஜனவரி 11 ராத்திரி டாக்காரில் கூட்டம் போட்டு, சேஃபாவின் மதிப்பைப் பாதியாக வெட்டினார்கள். 50 சேஃபாவுக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க் என்பது ஒரே நாளில் 100 சேஃபா ஆனது. லோமேயில் 'நானா பென்ஸ்' என்று ஒரு கூட்டம் உண்டு. ஹாலந்து துணி வியாபாரத்தில் பென்ஸ் கார் வாங்கிய பெண்மணிகள். பலரின் வியாபாரம் அதில் ஆட்டம் கண்டது. செடி தினம் கொஞ்சமாக வாடுகிற ரகம். சேஃபா நாற்பத்தைந்து வருஷம் அசையாமல் நின்று, ஒரே ராத்திரியில் முறிந்த ரகம்!

முடிச்சு இப்போது யூரோவோடு: ஒரு யூரோவுக்கு 655.957 சேஃபா. 1999-லிருந்து ஒரு புள்ளி மாறவில்லை. ஆனால் நோட்டு அச்சாவது பிரான்ஸில். கையிருப்பில் பாதியைப் பாரீஸ் கஜானாவில் வைக்கணும் என்கிற விதி, 2019-ல் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் போனது. "எங்க வீட்டுச் சாவி அவங்க இடுப்புல" என்றார் லோமே டாக்சிக்காரர் ஒருத்தர்.

இரண்டையும் ஒழித்துவிட்டு 'ஈகோ' என்று மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க ஒரே பணம் கொண்டுவரப் பல வருஷமாகப் பேச்சு. தேதி தள்ளிப் போய்த் தள்ளிப் போய், 2021-ல் புது இலக்கு வைத்தார்கள்: 2027. பேரே ஈகோ, எப்படி ஒத்துப்போகும் என்று கேட்காதீங்க!

செடியையும் குறைத்து எடை போட வேண்டாம். 2025 மே மாதம் திடீரென்று தளிர்த்து, ஐம்பது சேஃபாவைத் தாண்டியது. ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அஃப்லாவோ அம்மாள் மாதிரி அனுபவசாலிகள் ஒரு நாள் துளிர்ப்பைப் பார்த்துப் பெட்டியை மாற்ற மாட்டார்கள். வேர் பிடிச்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் தண்ணி ஊத்துவாங்க!