பையப் போங்கண்ணே (தெற்கே ஒரு சுற்று – 4)

சென்ற வாரம், மச்சானிடம் இரவல் வாங்கிய வி-ட்வின் ‘பட்டு மாதிரி ஓடுகிறது’ என்று எழுதினேன். அது நாலுவழிச் சாலையில் எழுதிய வரி. மதுரைக் கீழமாசி வீதிக்குள் நுழைந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

காலை பதினோரு மணி. மொத்தக் கடைகளுக்கு லாரியில் வத்தல் மூட்டை இறங்குகிறது. தெருவே தும்முகிறது. முன்னால் தள்ளுவண்டி, பின்னால் ஷேர் ஆட்டோ, நடுவில் கால் டன் எடையோடு நான். ஆக்ஸிலேட்டரைத் துளி திறந்தால் வண்டி எகிறுகிறது. மூடினால் முட்டிக்கொண்டு நிற்கிறது. கிளட்ச் பிடித்த இடது கை மரத்துவிட்டது. பின் சிலிண்டருக்குக் காற்றே படாது. அந்தச் சூடு முழுக்க வலது தொடைக்குத்தான். மூட்டை சுமந்தவர் ஒருவர், அந்தப் பாரத்தோடு நின்று, “பையப் போங்கண்ணே! ஏன் இப்படி வெட்டி வெட்டி ஓட்டுறீக?” என்றார். பையப் போகத்தானே ஐயா முடியவில்லை!

கோயில் பக்கம் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பலகையில் பைக்குக்கு 20 ரூபாய். என்னிடம் 50. “இது பைக்கா சார்? காருல பாதி இருக்கு.” பத்து நிமிடம் சண்டை போட்டும் ஐம்பது போனதுதான். அதைக்கூட மன்னிப்பேன். திரும்பி வந்தபோது சீட்டின் மேல் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. தரிசனம் செய்த மனது அங்கேயே கலைந்தது.

பழங்காநத்தம் பக்கம் நல்ல மெக்கானிக் இருப்பதாகக் கேட்டு, டி.வி.எஸ். நகரைத் தாண்டிப் போனேன். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய தொழிலின் பெயர் அது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டக் கருவி செய்து விற்றவர். அப்படிப்பட்டவரின் ஊரில் நம் வண்டிக்கு வைத்தியம் கிடைக்காதா என்று ஒரு நம்பிக்கை.

பட்டறை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. ஸ்பேனர்கள் பெரியதிலிருந்து சிறியது வரை ஆணியில் தொங்கின. நான் முந்தின நாள் தங்கிய லாட்ஜை இவரிடம் ஒரு மாதம் ஒப்படைக்கலாம். அறுபது தாண்டியவர். வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சாக்பீஸால் தரையில் ‘வி’ போட்டார்.

“ரெண்டு சிலிண்டரும் ஒரே பின்னுல தொங்குது தம்பி. நடுவுல 45 டிகிரி. ஒண்ணு வெடிச்சு 315 டிகிரி சுத்தினா அடுத்தது வெடிக்கும். அதுக்கப்புறம் 405 டிகிரி சும்மாக் கெடக்கும்.”

மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்: ஏழுக்கு ஒன்பது. சாபு தாளம் நொண்டுவது போல. வேகத்தில் இது தெரியாது. சுற்று குறையக் குறைய அந்த இடைவெளி நீண்டு, வண்டி தயங்கித் தயங்கி இழுக்கும். அப்படியானால் ஒற்றை சிலிண்டர் புல்லட் எப்படி நிதானமாகப் போகிறது என்று மடக்கினேன். “அதுல ஃப்ளைவீல் கனம். வெடிக்காத நேரத்துக்கும் சேத்து அதுவே தள்ளிக்கிட்டுப் போயிரும்.”

மூலையில் ஒரு ராயல் என்ஃபீல்ட் 650 நின்றது. 2018-ல் வந்த எஞ்சின், நம் தமிழ்நாட்டில் செய்தது. சிலிண்டர்கள் அருகருகே நிற்கின்றன. கிராங்கை மட்டும் 270 டிகிரியில் வைத்திருப்பதால் 90 டிகிரி வி-ட்வின் வெடிக்கிற அதே கணக்கில் வெடிக்கும். அதிர்வை அடக்கத் தனியாக ஒரு பேலன்சர் தண்டும் உண்டு. கிளப்பிக் காட்டினார். என் வண்டியைப் பார்க்க எனக்கே கூச்சமாயிருந்தது.

“ஆனா ஒங்க வண்டிக்குப் பாதி நோவு கேபிள்ல” என்று ஆக்ஸிலேட்டர் கைப்பிடியைத் திருகினார். அரை விரற்கடை சும்மா ஆடியது. அட்ஜஸ்டரைத் திருகி ஆட்டத்தைக் குறைத்தார். கிளட்ச் கேபிளுக்குள் ஊசியால் எண்ணெய் விட்டார். பனியன் வேஸ்ட்டால் கையைத் துடைத்துவிட்டு, சந்தில் என் கூடவே நடந்தார். “கைய மூடாதீங்க. லேசாத் தெறந்தே வச்சுக்கிட்டு, பின் பிரேக்க மிதிச்சு வேகத்தக் கொறைங்க. இழுவை விடாம இருந்தா பெல்ட் வெட்டாது. கிளட்ச் பாதியில நிக்கட்டும்.” நாலாவது முறை சந்து முனை வரைக்கும் கால் ஊன்றாமல் போனேன்.

150 ரூபாய் கேட்டார். 200 கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், பெட்டிக்கடைக்குப் போய் மாற்றி, 50 ரூபாயைக் கையில் வைத்தார்.

சாயங்காலம் அழகர்கோயில் சாலை. அப்பன்திருப்பதிக்கு முன்னால் ஒரு கிடை ஆடு. பிரேக்கை மிதித்தபடி, கையை மூடாமல், அவற்றின் பின்னாலேயே ஒரு பர்லாங்கு ஊர்ந்தேன். ஒரு வெட்டு இல்லை. மேய்த்துக்கொண்டு போன அம்மாள் திரும்பிப் பார்த்து, “என்னய்யா, வண்டி ரிப்பேரா?” என்றார்.

மலையடியில் கோயில் தோசை தின்றேன். தொடையில் கொப்புளம். அடுத்த வாரம் தேனிக்குப் பஸ்ஸில் போவதாக உத்தேசம்.