பூக்குடலையும் மணிமுடியும்

ஒரு பெண், அவளை நாடும் இரு ஆடவர், இருவரும் காண்பதற்கு இனியவர். மனிதன் கதை கேட்கத் தொடங்கிய நாள் முதல் அவனுக்கு அலுக்காத கதை இது. தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர்களே நளனின் உருவெடுத்து வந்து அமர்ந்ததை நம் முன்னோர் விரும்பிக் கேட்டனர். இன்று நம் பங்கின் இளையோர் கைப்பேசியில் ஜப்பானிய 'அனிமே' தொடர்களைக் கண்டு, "இவன் அழகா, அவன் அழகா" என்று வழக்காடுகின்றனர். ஞாயிறு மறைக்கல்வி முடிந்த பின்னும் ஆலய முற்றத்தில் அவ்வழக்கு ஓய்வதில்லை. "பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், சாமி" எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் முறையிடுகின்றனர்.

முறையீட்டைக் கேட்டபின் அத்தொடர்களுள் ஒன்றை நாமும் பார்த்தோம். 'இனுயாஷா' என்பது அதன் பெயர். ரூமிகோ தகாஹாஷி என்னும் பெண்மணி 1996 முதல் 2008 வரை வார இதழில் வரைந்த சித்திரக் கதை. 2000ஆம் ஆண்டில் படத்தொடராயிற்று. கிணற்றில் விழுந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்குச் சென்றுவிடும் ககோமே என்ற பள்ளி மாணவியை இருவர் விரும்புகின்றனர். ஒருவன் ஓநாய்க் குலத் தலைவன் கோகா. காற்றென விரைபவன், அவ்விரைவோ கால்களில் பதித்த மந்திர மணியின் துண்டுகள் தந்தது. மற்றவன் பாதி மனிதன், பாதி அரக்கன். அமாவாசை இரவு வந்தால் ஆற்றல் அனைத்தும் இழந்து, விடியும்வரை வெறும் மனிதனாய் நிற்பவன். அவன் மறைக்க முயலும் அந்த இரவை அறிந்தும் அவள் அவனோடு இருக்கிறாள். இதில் பிள்ளைகளைக் கெடுப்பது எதுவென நமக்கு விளங்கவில்லை.

முறையிடும் பெற்றோருக்கு மற்றொன்றையும் நினைவூட்டுவோம். உங்கள் தாத்தா பாட்டியும் இதே வழக்கை ஆடியவர்களே. 1950இல் 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாடு வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தது. ஓவியர் மணியம் தீட்டிய வீரர்களின் முகங்களை அன்றைய இளம்பெண்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் அதை இரு பாகத் திரைப்படமாக்கியபோது, பேரப்பிள்ளைகள் நடிகர்களின் முகங்களை வைத்து அவ்வழக்கைப் புதுப்பித்தனர்.

வலங்கைமானில் வாழும் நமக்கு அது அயலூர்க் கதையன்று. குந்தவையும் வானதியும் உலவிய பழையாறை, நம் ஊருக்கு அண்மையில் வயல்களின் நடுவே சிற்றூராய் இருக்கிறது. குடமுருட்டியில் ஓடுவதும் அதே பொன்னியின் நீர்தான்.

அக்கதையில் கோடிக்கரை ஓடக்காரி பூங்குழலியை எண்ணிப் பாருங்கள். அவள் உள்ளம் நாடுவது இளவரசர் அருள்மொழிவர்மரை. அவளை நாடுவதோ சேந்தன் அமுதன். தஞ்சைத் தளிக்குளத்தார் ஆலயத்துக்குப் பூக்குடலை சுமப்பவன், தேவாரம் பாடுபவன், வாளெடுக்கத் தெரியாதவன். இளவரசருக்கு எதிரே நிறுத்தினால் எந்தப் பெண்ணின் கண்ணும் இவன்மேல் ஒரு கணம் தங்காது.

ஆயினும் கல்கி இவ்விருவரையும் ஒரே ஓடத்தில் ஏற்றுகிறார். கடும் காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கும் இளவரசரைக் கால்வாய் வழியே நாகைச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பூங்குழலியோடு உடன் செல்பவன் அமுதனே. அவள் மனம் யாரிடம் இருக்கிறது என்பதை அவன் அறிவான். தன் போட்டியாளர் இறந்தால் தன் வழி திறக்கும் என்ற எண்ணம் அவனுக்கு எழவில்லை. அந்த உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே உடன் செல்கிறான். கதையின் போர்க்களங்கள் அனைத்தையும்விட அந்தச் சிற்றோடமே நம் நெஞ்சில் நிற்கிறது. காதல் பகைவனைத் தேடுவதில்லை என்பதை அங்கே காண்கிறோம்.

இதே நூலில் நந்தினியின் அழகில் மயங்கிய பார்த்திபேந்திரனும் கந்தமாறனும் வீரர்கள், அழகர்கள். கந்தமாறனோ உயிர் நண்பனையே தன் முதுகில் குத்தியவன் என்று நம்பிவிடுகிறான். தான் விரும்புவதற்கும் தனக்கும் இடையே எவரையும் பொறாதவன் இறுதியில் நண்பனையும் இழக்கிறான்.

அருள்மொழியும் தாழ்ந்தவரல்லர். தமக்கு வரவேண்டிய மணிமுடியை உத்தம சோழருக்கு அளிப்பதே கதையின் முடிவு. ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி 'தியாகச் சிகரம்' என்றே பெயரிட்டார். இது முற்றிலும் கற்பனையும் அன்று. சிறிய தந்தை அரசை விரும்பியிருந்தவரை அருள்மொழி அதை மனத்தாலும் நாடவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. 985இல்தான் அவர் இராசராசனாக அரியணை ஏறினார். அமுதனே அந்த உத்தம சோழர் என்று காட்டியது மட்டும் கல்கியின் புனைவு. பூங்குழலி அவனை ஏற்க மனம் இசைந்தபோது அவன் கையில் இருந்தது பூக்குடலைதான். முடி பின்னரே வந்தது.

அப்படியெனில் அழகு பொய்யா? மறைநூல் அவ்வாறு கூறவில்லை. ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு சாமுவேல் 'இவனே' என எண்ணினார். இறைவன் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே அதிகாரம், தேர்ந்துகொள்ளப்பட்ட தாவீதையும் அழகிய கண்கள் உடையவன் என்று சொல்லத் தவறவில்லை. அழகு கொடையே. ஆனால் அது மட்டுமே சான்றாகிவிடாது.

நம் பங்கில் ஒரு மூதாட்டி நான்கு ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்கிறோம். ஒருநாள் அவருடைய கணவர், நடுங்கும் கைகளால் மனைவியின் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அம்மையார் சிரித்தபடி சொன்னார்: "ரெண்டு எடத்துலேருந்து கேட்டு வந்தாங்க, சாமி. ஒருத்தரு எம்.ஜி.ஆர். மாதிரி இருப்பாரு. இவரு இப்படித்தான். அப்பா இவருக்கே பேசி முடிச்சிட்டாரு. ஓலை வாசிச்ச மூணு ஞாயித்துக்கெழமையும் கோயில்ல அழுதுகிட்டேதான் ஒக்காந்திருந்தேன்."

பெரியவர் சீப்பை நிறுத்தாமல், "அவரும் நல்லவருதான் சாமி. கும்பகோணத்துல பேரப்புள்ளைங்களோட இருக்காரு. போன மாசம்கூட இவளப் பாக்க வந்துட்டுப் போனாரு" என்றார்.

இதைப் படிக்கும் தந்தையர் எவரும், "பார்த்தீர்களா, பெரியவர்கள் முடிவுதான் சரி" எனத் தலையசைக்க வேண்டாம். அந்த மூன்று ஞாயிறுகளின் கண்ணீரை யாரும் கேட்காமல் விட்டது குறையே. மணமக்களின் இசைவே திருமணத்தை உருவாக்குகிறது, வேறெவராலும் அதை ஈடுசெய்ய இயலாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1057ஆம் எண் தெளிவாய்க் கூறுகிறது. திருமண விசாரணையின்போது ஆணையும் பெண்ணையும் தனித்தனியே அமர்த்திக் கேட்பது அதற்காகவே. அந்த இல்லறம் நல்லறமானது அவ்விருவரும் ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் அளித்த இசைவால். தந்தையின் சொல்லால் அன்று. பூங்குழலியின் மனத்தையும் அவளுக்காக வேறொருவர் மாற்றவில்லை. அவளே கண்டாள், அவளே தேர்ந்தாள்.

இன்று வரன்கள் கைப்பேசிப் படங்களாய் வருகின்றன. நிறம் சற்றுக் குறைவு என்பதற்காக நல்ல பெண்கள் பலர் விரலசைவில் ஒதுக்கப்படுகின்றனர், ஆண்களும்தான். ஆதலால் பெற்றோரே, பிள்ளைகள் அனிமே பார்க்கும்போது கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்; அருகே அமருங்கள். அவ்விருவருள் எவனைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். அந்த 'ஏன்' நீளும்போது உங்கள் பிள்ளை வாழ்க்கைத் துணையிடம் எதை எதிர்பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியவரும். இளையோரே, அழகைக் கண்டு மகிழுங்கள். பிறகு, ஆற்றல் அனைத்தும் போன அமாவாசை இரவில் இவன் எப்படி இருப்பான், அவ்விரவில் நான் இவனோடு இருப்பேனா என்றும் எண்ணிப் பாருங்கள். ஓலை வாசிக்கும் நாளுக்கு முன்பே இக்கேள்வியை உங்களிடம் யாரேனும் கேட்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.