கொரக்களி என்று நான் நினைத்த வலி

நடுச்சாமத்தில் கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகி, அயர்ந்து உறங்குபவரையும் அலறி எழச் செய்யும் வலியை அறியாத இல்லம் அரிது. ஏட்டில் அதனைக் குரக்குவலி என்பர். நம் வீடுகளில் கொரக்களி என்கிறோம். எனக்கு அது முதன்முதலில் வந்தது கரியாலூரில்.

1986ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆசிரியையாக அவ்வூருக்குச் சென்றேன். அன்று அப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கி, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டமாய் விளங்குகிறது. கச்சிராயபாளையம் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறி, வெள்ளிமலைக்குச் செல்லும் வழியில் உள்ளது கரியாலூர். சமவெளியில் வளர்ந்த என் கால்களுக்கு அந்த மேடும் பள்ளமும் புதியவை. மாணவர்களின் பெற்றோரைக் காணச் சாமைக் கொல்லைகளின் ஊடே நாள் முழுதும் ஏறி இறங்கிய ஓர் இரவு, வலக்காலை இழுத்துக்கொண்டது. என் கூக்குரல் கேட்டு அடுத்த வீட்டு மூதாட்டி கைவிளக்குடன் ஓடிவந்தார்.

"காலைப் பிடிச்சிக்கிட்டு உக்காராத தாயி. எழுந்து நில்லு. குதிகாலைத் தரையிலே நல்லா அழுத்து" என்றார்.

சுவரைப் பற்றியபடி நின்றேன். நூறு எண்ணுவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது.

எழுத்தறியாத அவ்வம்மையார் சொன்னதே இன்றும் மருத்துவர்கள் கூறும் முதலுதவியாகும். குரக்குவலியில் தசை தானாகவே சுருங்கி, விடாமல் நிற்கிறது. அதனை நீட்டினால்தான் பிடி தளரும். எழ இயலாதவர் முழங்காலை நேராக நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அருகிலிருப்பவரும் அவ்வாறே பாதத்தை வளைத்துவிடலாம். வலி விட்டபின் மெல்லத் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் இதம் தரும். எந்த எண்ணெய் சிறந்தது என்னும் வழக்கில் நான் நுழையமாட்டேன். தேய்க்கும் கையே பாதி மருந்து என்பது என் கருத்து.

வராமல் தடுப்பது எப்படி? அமெரிக்க மருத்துவர் டேனியல் 1979இல் ஓர் எளிய பயிற்சியை எழுதினார். சுவருக்கு இரண்டு மூன்றடி தள்ளி நின்று, கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய வேண்டும். கெண்டைச்சதை இழுபடுவதை உணர்ந்து சிறிது நேரம் நிற்க வேண்டும். அவரிடம் வந்த 44 பேருக்கு இதனால் நலம் கிடைத்ததாம். பின்னர் 2005இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு இதனால் பயனில்லை என்றது; 2012இல் நெதர்லாந்தில் 55 வயது கடந்தோரிடம் நடந்த ஆய்வோ, உறங்குமுன் ஆறு வாரம் செய்தவர்களுக்கு வலி குறைந்தது என்றது. அறிஞர்கள் வழக்காடட்டும். காசு செலவில்லாத இப்பயிற்சியை நான் இரவுதோறும் செய்கிறேன். போர்வையின் கால்மாட்டை இறுகச் செருகாமல் தளர விடுவதும் நன்று; விரல்கள் கீழ்நோக்கி அழுந்திக் கிடந்தால் கெண்டைச்சதை குறுகிப்போகும்.

வியர்வை சிந்தி உழைப்போர் வெறும் நீரை மட்டும் குடித்தால் உடலில் உப்புக் குறைந்து சதை இழுக்கும். 1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஹால்டேன் என்னும் அறிஞர். (1957இல் நம் நாட்டில் குடியேறிய விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேனின் தந்தை இவர்.) உப்பிட்ட நீராகாரம் குடித்துக் கொல்லைக்குப் போகும் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் இரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டலாகாது. இரவில் வரும் குரக்குவலிக்கு மக்னீசிய மாத்திரைகளை வாங்கி விழுங்கும் முதியோர்க்கு அவற்றால் பெரும்பயன் இல்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்னாளில் கொயினா மாத்திரையும் கொடுப்பதுண்டு. அது இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கவும் இதயத் துடிப்பைக் குலைக்கவும் கூடுமாதலால், இவ்வலிக்கென அதனைச் சீட்டின்றி விற்பதை 1994இல் அமெரிக்க அரசு தடைசெய்தது.

இவ்வளவும் படித்துத் தேர்ந்ததில் எனக்குச் சிறிது கர்வமும் வந்துவிட்டது. ஊரில் யாருக்குக் கால் இழுத்தாலும் என்னிடம் வருவார்கள். நானும் சுவரைக் காட்டி அனுப்புவேன். அந்தக் கர்வம் என்ன செய்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதத் தொடங்கினேன்.

2003ஆம் ஆண்டின் கோடையில், கடுக்காய் பொறுக்கி விற்கும் ஒருவர் வந்தார். நாற்பது வயது நிரம்பாதவர். "கொரக்களிங்க டீச்சரம்மா. ஓடையிலிருந்து மேடேறி அந்தப் புளியமரத்துக்கிட்ட வந்தா பிடிச்சிக்குது. செத்த நேரம் குந்தினா விட்டுடுது" என்றார். நான் வழக்கம்போல் பயிற்சியைச் சொல்லி, ஒரு புட்டி தைலமும் கொடுத்தேன். இரண்டு திங்கள் கழித்து மீண்டும் வந்தார். இப்போது புளியமரம்வரைகூட வர முடியவில்லை. பாதி மேட்டிலேயே பிடித்துக்கொள்கிறது. பயிற்சியைச் சரியாகச் செய்வதில்லை என்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுத்துப் பேசாமல் திண்ணையில் அமர்ந்து பீடியைப் பற்றவைத்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழைக்காலத்தில் அவருடைய இடக்கால் சுண்டுவிரலில் முள் குத்திய புண் ஆறாமல் கறுத்தது. அவர் மனைவியுடன் நானும் புதுச்சேரிக்குச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் கெண்டைச்சதையை அழுத்திப் பார்க்கவே இல்லை. புறங்காலின் மேல் இரண்டு விரல்களை வைத்தார். பிறகு மற்றக் காலிலும் வைத்தார். நாடித் துடிப்பைத் தேடுகிறார் என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

"வலி வரும்போது சதை கல்லுமாதிரி திரளுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, சும்மா கடுக்குது" என்றார் நோயாளி. ஆறு திங்களில் நான் ஒருமுறையும் கேளாத கேள்வி அது.

அது குரக்குவலியே அன்று. காலுக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் அடைபட்டிருந்தன. நடக்கும் தசைக்கு வேண்டிய இரத்தம் கிடையாமையால், குறித்த தூரம் நடந்ததும் வலி எழும்; நின்றால் அடங்கும். புகைபிடிக்கும் இளம் வயதினருக்கு வரும் இந்நோயை 1908இல் நியூயார்க்கில் விரிவாக எழுதிய பர்கர் என்னும் மருத்துவரின் பெயராலேயே அழைக்கின்றனர். புகையிலையை அடியோடு விடுவதே இதற்குத் தலையாய மருத்துவம். ஒன்றிரண்டு பீடியானாலும் நோய் தொடரும். வயது முதிர்ந்தோர்க்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வேறு காரணத்தால் இத்தகைய அடைப்பு உண்டாகலாம்.

மருத்துவர் மற்றொன்றையும் எச்சரித்தார். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, ஓயாமல் வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனைத் தேய்க்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அன்று நான் கொண்டுபோன பையில் தைலப் புட்டி இருந்தது.

சுண்டுவிரலை எடுத்தார்கள். ஊர் திரும்பியதும் அவர் பீடிக்கட்டை என் கையில் ஒப்படைத்தார். ஒரு வாரத்தில் திரும்பக் கேட்டு வந்தார். நான் மறுக்கவே கடையில் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு அடுத்த விரலும் போயிற்று. அதன்பின் அவர் பீடியைத் தொடவில்லை. யார் சொல்லியும் விடவில்லை, தானாகவே விட்டார். புண்ணும் பின்னர் வரவில்லை.

நான் 2020இல் ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் வசிக்கிறேன். சென்ற பொங்கலுக்கு மலைக்குச் சென்றபோது, அவரும் நானும் ஓடையிலிருந்து மேடேறினோம். புளியமரத்தைத் தாண்டி உச்சிக்குச் சென்ற பிறகே அவர் உட்கார்ந்தார். முந்திய இரவு எனக்குக் காலை இழுத்துத் தூக்கம் கெட்டதைப் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"சதை கல்லுமாதிரி திரண்டுச்சா டீச்சரம்மா?" என்று கேட்டார்.